செமுக் சம்பே குளங்களுக்குப் போகிறீர்களா? கோபான், லங்கின், குளத்து வாசல்: எங்கே தங்கலாம்?

ஹூஸ்டன், டொராண்டோ பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் குவாத்தமாலாவுக்குத் திட்டம் போட்டால் மூன்று இடங்கள் கண்டிப்பாக இருக்கும்: ஆன்டிகுவா என்ற பழைய நகரம், அதித்லான் ஏரி, திக்கலின் மாயா இடிபாடுகள். நாலாவதாக, கொஞ்சம் தயக்கத்தோடு, செமுக் சம்பே வரும். முதல் மூன்றுக்கும் யாரும் என்னிடம் வழி கேட்பதில்லை. நாலாவதற்கு மட்டும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கோபான் நகரத்தில் நல்ல ஓட்டலில் தங்கி ஒரே நாளில் போய் வந்துவிடலாமா? லங்கின் என்ற சிற்றூரில் தங்குவதா? அல்லது குளங்களின் வாசலிலேயே காட்டுக்குள் இருக்கும் விடுதிகளில் தங்கிவிடுவதா?

மூன்றையும் எடைபோட்டுச் சொல்கிறேன். எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது, மறைக்கவில்லை. அவ்வளவு தூரம் போகிறவர்கள் அந்தத் தண்ணீரில் கூட்டமில்லாத இரண்டு மணி நேரமாவது கிடக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். மற்ற வசதிகளையெல்லாம் அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

## முதலில் இடத்தைப் பற்றி

குவாத்தமாலாவின் வடமத்தியில் ஆல்டா வெரபாஸ் என்ற மலை மாவட்டம். அதில் லங்கினுக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில், இருபுறமும் செங்குத்தாகக் காடு எழும்பி நிற்கும் ஒரு பள்ளத்தாக்கு. கஹபோன் ஆறு அங்கே இரைச்சலோடு வந்து சுண்ணாம்புக்கல் பாலம் ஒன்றுக்கு அடியில் புகுந்து மறைகிறது. மனிதர் கட்டிய பாலம் இல்லை, இயற்கையாக உருவானது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். ஆறு கீழ்த்தளத்தில் ஓட, மொட்டைமாடியில் படிப்படியாகக் குளங்கள். இந்தக் குளங்களின் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் இல்லை. பக்கத்து மலைச்சரிவிலிருந்து வரும் ஊற்றுகளும் சிற்றோடைகளும் நிரப்புவது. அதனால்தான் கீழே ஆறு கலங்கி ஓடும்போதும் மேலே பச்சையும் நீலமுமாகத் தெளிந்து நிற்கிறது. முழங்கால் ஆழமும் உண்டு, கால் எட்டாத மடுவும் உண்டு. ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் வழிந்து இறங்கும். கால் வைத்து அசையாமல் உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொறிக்கும்.

ஆறு பூமிக்குள் புகும் இடத்துக்கு அங்கே சுமிதெரோ என்று பெயர். அதை எட்டி நின்று பாருங்கள். கயிறு கட்டியிருக்கும் எல்லையைத் தாண்டாதீர்கள். வழுக்கு பாறை, அடியில் இழுக்கும் தண்ணீர். விழுந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் கையை விடவே கூடாது.

இது கெக்சி மாயா மக்களின் பூமி. பலருக்கு வீட்டில் பேச்சு கெக்சிதான், ஸ்பானிஷ் இரண்டாவது மொழி. வழியெங்கும் மக்காச்சோளம், காபி, அப்புறம் ஏலக்காய். போடிநாயக்கனூர், குமுளிப் பக்கத்துக்காரர்கள் இந்த மாவட்டத்தைப் பார்க்காமலேயே அறிவார்கள். நம் ஏல மையங்களில் விலை இறங்கும்போதெல்லாம் "குவாத்தமாலா காய் வந்துவிட்டது" என்று பேச்சு வருமே, அந்தக் காயில் பெரும்பகுதி விளைவது இங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் தோட்டக்காரர் ஒருவர் நம் பக்கத்திலிருந்து கொண்டுபோன செடி. இன்று உலகிலேயே அதிகம் ஏலக்காய் ஏற்றுமதி செய்வது குவாத்தமாலாதான். அறுவடைக் காலத்தில் உலர்த்துகூடங்களைத் தாண்டிப் போகும்போது வேனுக்குள் அடிக்கும் அந்த மணத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஞாபகம் வராமல் இருக்காது.

## எதை வைத்து முடிவு செய்வது

விடுதியின் படங்களைப் பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கமாக நடப்பது. அதை ஓரமாக வைத்துவிட்டு இந்த ஐந்தைக் கேளுங்கள்.

குளத்தில் கிடைக்கும் நேரம். வாயில் காலை எட்டு மணி வாக்கில் திறக்கும், மாலை நாலு, ஐந்துக்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். திறந்தவுடன் உள்ளே போகிறவர்களுக்கும் பதினொரு மணிக்குப் போகிறவர்களுக்கும் கிடைப்பது ஒரே அனுபவம் இல்லை. லங்கின் விடுதிகளின் குழுக்கள் பெரும்பாலும் காலையில் குகை, அப்புறம் ஆற்றில் டியூபில் மிதப்பது, மதியம் மலையேற்றம், கடைசியில் குளம் என்று வருவார்கள். எனவே மதியத்துக்கு மேல் குளங்கள் நிறைந்துவிடும்.

உடம்பு. கடைசிப் பத்து கிலோமீட்டர் பிக்கப் வண்டியின் பின்னால், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி. மேடு பள்ளம் மோசம். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பணம். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 50 குவெட்சால் அளவில் இருந்துவருகிறது. ஒரு டாலருக்குச் சுமார் 7.7 குவெட்சால். கட்டணம் சிறியது, அதைச் சுற்றி வரும் செலவுதான் தெரியாமல் ஏறும்.

ராத்திரி. மின்சாரம், வெந்நீர், போன் சிக்னல், பூச்சி. அதைவிட முக்கியம், இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எவ்வளவு தூரத்தில் வைத்தியர்.

மழை பெய்தால் என்ன செய்வீர்கள். திட்டத்தை அரை நாள் தள்ள முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் இங்கே பெரிய வித்தியாசம்.

## கோபானில் தங்கிப் போய் வருவது

கோபான் மாவட்டத் தலைநகரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். குளிர்ந்த காற்று, நல்ல காபி, வெந்நீர், மருந்துக்கடை, வங்கிகள், பெரிய அரசு மருத்துவமனை, எல்லாம் உண்டு. குவாத்தமாலா சிட்டியிலிருந்து சுமார் 215 கிலோமீட்டர். நல்ல பஸ்களே ஓடுகின்றன, ஐந்து, ஆறு மணி நேரத்தில் வந்துவிடலாம். வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு ஆறுதல்.

சிக்கல் அங்கிருந்து ஆரம்பிக்கிறது. லங்கினுக்கு 60 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மலைப்பாதை. மைக்ரோ பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஹால் கூட்டு ரோட்டில் திரும்பியதும் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் பாதையில் வேகம் இன்னும் குறையும். லங்கினில் வண்டி மாறிப் பிக்கப்பில் இன்னும் முக்கால் மணி நேரம். காலை ஆறுக்குக் கிளம்பினாலும் தண்ணீரில் கால் வைக்கும்போது பத்து மணி ஆகிவிடும். திரும்பும் மைக்ரோ பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க இரண்டு மணிக்கே ஈரத்துணியோடு கிளம்ப வேண்டும். ஆக, ஏறக்குறைய ஏழு மணி நேரம் வண்டியில், மூன்று, நாலு மணி நேரம் இடத்தில். அந்த மூன்று, நாலு மணி நேரமும் கூட்டம் வரும் நேரத்தில்.

கோபானில் தனி வண்டி பேசிக்கொண்டால் கொஞ்சம் சரியாகும். காத்திருப்பு இல்லை, வண்டி மாற வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்தால் தலைக்கு வரும் செலவும் தாங்கக்கூடியதுதான். ஆனால் இதில் தெரியாத செலவு ஒன்று இருக்கிறது. சாதாரண வேன் லங்கின் வரைதான் வரும், அதற்குமேல் பிக்கப்பை நீங்களே பிடிக்க வேண்டியிருக்கலாம். "குளத்து வாசல் வரையா, லங்கின் வரையா" என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

வாடகைக்கார் எடுத்து ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் நாலு சக்கரமும் இழுக்கும் உயரமான வண்டி இல்லாமல் கடைசி பகுதியில் இறங்க வேண்டாம். மண் பாதையில் ஏற்பட்ட சேதத்துக்குக் காப்பீடு பொருந்துமா என்று ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

கோபான் யாருக்குச் சரி? காட்டுக்குள் இரவு தங்கவே முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு. குழுவில் ஒருவருக்கு மருத்துவமனை அருகில் இருக்க வேண்டும் என்றால், யோசிக்கவே வேண்டாம், கோபான்தான். மற்றவர்களுக்கு இது மூன்றில் பலவீனமான தேர்வு.

## லங்கினில் தங்குவது

லங்கின் ஒரு சரிவில் ஒட்டியிருக்கும் ஊர். வெள்ளைச் சுவர் தேவாலயம், சின்னச் சந்தை, டயர் பஞ்சர் கடை, சோளரொட்டி தட்டும் பெண்கள், பிக்கப் வண்டிகள். ஆன்டிகுவாவிலிருந்தும், வடக்கே திக்கலுக்குப் பக்கத்து ஊரான ஃப்ளோரெஸிலிருந்தும் வரும் ஷட்டில் வேன்கள் எல்லாம் இங்கேதான் முடிகின்றன. இரண்டு பக்கமுமே எட்டு முதல் பத்து மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். ஆன்டிகுவாவில் காலையில் ஏறினால் இருட்டும் நேரத்தில் வந்து இறங்குவீர்கள். அந்த அலுப்பில் உடனே ஒரு படுக்கை கிடைப்பதே லங்கினின் முதல் லாபம்.

இரண்டாவது, ஊர் என்ற ஒன்று இருப்பது. விடுதிச் சாப்பாடு பிடிக்காவிட்டால் வெளியே போய்ச் சாப்பிடலாம். சைவக்காரர்கள் இங்கே பட்டினி கிடக்க மாட்டார்கள். கருப்பு பீன்ஸ், சோளரொட்டி, வறுத்த வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம் எங்கும் கிடைக்கும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சில சமையலறைகளில் அது வழக்கம். ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. பழம், தண்ணீர் பாட்டில், டார்ச் பேட்டரி என்று சில்லறைத் தேவைகளுக்குக் கடை உண்டு.

மூன்றாவது லாபத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ஊரை ஒட்டியே லங்கின் குகைகள் இருக்கின்றன, 1955இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. லங்கின் ஆறு அந்தக் குகைப் பக்கத்திலிருந்துதான் வெளியே வருகிறது. பொழுது சாயும் நேரத்தில் வாயிலில் நின்றால் வௌவால்கள் ஆயிரக்கணக்கில் காதை உரசுவதுபோலப் பறந்து வெளியேறும். குளத்து வாசலில் தங்குகிறவர்களால் இதைப் பார்த்துவிட்டு இருட்டில் திரும்புவது கஷ்டம்.

இப்போது குறைகள். லங்கின் விடுதிகள் விற்பது முழுநாள் குழுப் பயணம்: பிக்கப், வழிகாட்டி, குகை, டியூப், மலைமேடை, குளம் எல்லாம் சேர்த்து 200 குவெட்சால் அளவில் வரும், மதியச் சாப்பாடு பெரும்பாலும் தனி. பார்க்க மலிவு. ஆனால் குளத்தில் உங்களுக்குக் கிடைப்பது குழு ஒதுக்கும் நேரம் மட்டுமே. வழிகாட்டி கைதட்டிக் கூப்பிடும்போது ஏறிவிட வேண்டும். விடுதிகளில் பல இளைஞர்களை நம்பி நடப்பவை. மதுக்கூடமும் பாட்டும் நள்ளிரவு வரை போகும் இடங்கள் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் அறை பதிவு செய்யும்போது மதுக்கூடத்திலிருந்து தள்ளியிருக்கும் குடிசையாகக் கேளுங்கள்.

குழுவில் சேராமலும் போகலாம். இதைத்தான் நான் லங்கின்காரர்களுக்குச் சொல்வேன். ஊர் நடுவில் காலையிலேயே பிக்கப்கள் நிற்கும், ஆளுக்கு 20, 25 குவெட்சாலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ஏழு, ஏழேகாலுக்கு ஏறினால் வாயில் திறக்கும்போது நிற்பீர்கள். திரும்பி வர எத்தனை மணிக்கு வண்டி இருக்கும் என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் பேசிக்கொள்ளுங்கள். நன்றி சொல்ல கெக்சியில் "பந்தியோஷ்" என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

## குளத்து வாசலில் தங்குவது

லங்கினிலிருந்து இறங்கும் பாதை ஆற்றைத் தொடும் இடத்தில் ஒரு இரும்புப் பாலம். வண்டி ஏறினால் பலகைகள் ஒவ்வொன்றாகத் தடதடக்கும். அந்தப் பாலத்துக்கு முன்னும் பின்னும் சில விடுதிகள், வாயிலிலிருந்து சில நிமிட நடை முதல் அரைமணி நடைவரை. மரக்குடிசைகள், கொசுவலை, தூங்கு ஊஞ்சல், கீழே ஆற்றின் சத்தம்.

இங்கே தங்குவதற்கு ஒரே காரணம் காலை எட்டு மணி. பல் தேய்த்து, ஒரு காபி குடித்து, நடந்து போய் முதல் டிக்கெட் வாங்கலாம். அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் சில நாள் உங்களைத் தவிர அங்கே துப்புரவு செய்யும் ஊழியர்கள் மட்டும்தான் இருப்பார்கள். குளத்தின் மேல் இன்னும் பனி மூட்டம் கலையாமல் இருக்கும், குரங்குகள் எங்கோ மேலே கத்தும், தண்ணீரின் அடிவரை தெரியும். ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு இறங்கும் வாய்க்கால்களை நிதானமாகத் தேடலாம், யாரும் பின்னால் வரிசையில் நிற்க மாட்டார்கள். கூட்டம் வரும்போது நீங்கள் மிராதோர் என்ற மேடைக்கு ஏறிவிடலாம். அரைமணி முதல் முக்கால் மணி வரை செங்குத்தான படி. மேலிருந்து பார்த்தால்தான் பாலமும் குளங்களும் ஆறும் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது புரியும். வெயில் உச்சிக்கு வந்தபிறகு நிறம் அங்கிருந்து இன்னும் அழகு. மறுநாள் காலை மறுபடி முதல் ஆளாக இறங்கலாம் என்ற நினைப்பே அவசரத்தைப் போக்கிவிடும்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். ஷட்டில் வேன் உங்களை லங்கினில் இறக்கிவிடும், நாள் முழுக்க வேனில் நசுங்கிய பிறகு இருட்டில் இன்னொரு பிக்கப் பயணம் பாக்கி. விடுதியே வண்டி அனுப்புமா, அதற்குத் தனிக் காசா என்று முதலில் கேளுங்கள். சாப்பாட்டுக்கு விடுதிதான் கதி. ஊரில் கிடைப்பதைவிட விலை கூட, தெரிவு குறைவு. சில இடங்களில் மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டும், போன் சார்ஜ் செய்ய அதற்குள் முந்த வேண்டும். இணையம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இல்லை. வெந்நீர் பல இடங்களில் கிடையாது, ஆனால் இங்கே உயரம் சுமார் 400 மீட்டர்தான் என்பதால் புழுக்கமாகவே இருக்கும், பச்சைத் தண்ணீர் தேவாமிர்தம். இரவில் அவசரம் என்றால் லங்கின் முக்கால் மணி நேரம், கோபான் மருத்துவமனை மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கோபான் | லங்கின் | குளத்து வாசல் |
|---|---|---|---|
| குளத்தில் கால் வைக்கும் நேரம் | காலை பத்துக்கு மேல் | எட்டு மணி (சொந்தமாகப் போனால்), மதியம் (குழுவோடு) | எட்டு மணி |
| அன்றைய வண்டிப் பயணம் | ஏழு மணி நேரம் வரை | ஒன்றரை மணி நேரம் | இல்லை |
| சாப்பாடு | நிறையத் தெரிவு | போதுமான தெரிவு | விடுதியில் கொடுப்பதுதான் |
| மின்சாரம், சிக்னல் | சிக்கலில்லை | பெரும்பாலும் உண்டு | கேட்டு உறுதி செய்ய வேண்டும் |
| மருத்துவம் | பெரிய மருத்துவமனை | சுகாதார நிலையம் | எதுவுமில்லை |
| தெரியாமல் ஏறும் செலவு | தனி வண்டி, லங்கின் பிக்கப் | மதியச் சாப்பாடு, டியூப் முடிந்ததும் நீட்டப்படும் பீர் | இரவு பிக்கப், விடுதிச் சாப்பாடு |
| மழைக்கு ஒதுங்க வழி | நாள் வீணாகும் | மறுநாள் போகலாம் | வானம் பார்த்து இறங்கலாம் |

## ஆன்டிகுவாவில் விற்கும் பேக்கேஜ்

இதையும் கேட்கிறார்கள் என்பதால் சுருக்கமாக. ஆன்டிகுவா பயண முகவர்கள் இரண்டு இரவுத் தொகுப்பாக விற்கிறார்கள்: ஒரு நாள் வர, ஒரு நாள் பார்க்க, ஒரு நாள் திரும்ப. இருபது மணி நேரம் வேனில் உட்கார்ந்து ஒரு பகல் குளிப்பது. வேறு வழியே இல்லை என்றால் வாங்குங்கள். ஆனால் திரும்பி ஆன்டிகுவாவுக்கே வராமல், அங்கிருந்து வடக்கே ஃப்ளோரெஸ் போய்த் திக்கல் பார்த்துவிட்டு விமானம் ஏறும்படி பாதையை அமைத்தால் அதே வேன் நேரம் வீணாகாது. வழியில் சயாக்செயில் பசியோன் ஆற்றை வேனோடு படகில் கடப்பதும் தனி அனுபவம்.

## குகைக்குப் போவதா என்பதும் இந்த முடிவில் சேர்ந்தது

பாலத்துக்கு அருகில் கான்பா குகை. தனியார் நிலத்தில் இருப்பது, கட்டணம் தனி. ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தி தருவார்கள். ஒரு கையில் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் நடந்தும், கால் எட்டாத இடத்தில் ஒற்றைக்கையால் நீந்தியும், ஏணியில் ஏறியும் போக வேண்டும். மெழுகு உருகி விரலில் சொட்டும், முன்னால் போகிறவரின் தலை மட்டும் மஞ்சளாகத் தெரியும். உயிருள்ளவரை மறக்காது. அதே நேரத்தில், தலைக்கவசம் கிடையாது, பாறை கூரானது, நெரிசலான குழுவோடு போனால் பின்னால் இருப்பவர் வழுக்கினால் உங்கள் மேல்தான் விழுவார். நீச்சல் தெரியாதவர்கள், கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாதவர்கள், பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இதை விட்டுவிடலாம். குகையை விட்டுவிடுவது என்று முடிவானால் லங்கின் குழுப் பயணத்தில் சேர ஒரு காரணமும் மிச்சமில்லை, சொந்தமாகப் போய்விடுங்கள். குகை வேண்டும், கூடவே காலியான குளமும் வேண்டும் என்றால் வாசலில் தங்கிக் காலையில் குளம், மதியத்துக்கு மேல் குகை என்று தலைகீழாக வையுங்கள்.

எங்கே தங்கினாலும் ரப்பர் செருப்போடு இறங்காதீர்கள். பின்பட்டை உள்ள செருப்பு அல்லது தண்ணீருக்கான ஷூ வேண்டும். குளத்துக்குள் பாறை விளிம்புகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், வழுக்கவும் செய்யும். சன் ஸ்கிரீன், கொசு மருந்து இரண்டையும் குளித்து முடித்த பிறகு பூசுங்கள். அந்தத் தண்ணீர் தெளிவாக இருப்பதால்தான் நாம் அவ்வளவு தூரம் வருகிறோம். வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போதும்.

## மழை

பிப்ரவரி முதல் மே தொடக்கம்வரை நம்பிக்கையான காலம். ஜூனிலிருந்து அக்டோபர்வரை மதியத்துக்கு மேல் மழை, காலைகள் பெரும்பாலும் தெளிவு. எனவே மழைக்காலத்தில் வாசலில் தங்குவதன் மதிப்பு இன்னும் கூடுகிறது, காலையிலேயே குளித்து முடித்துவிடலாம். ஆண்டுக் கடைசியிலும் ஜனவரியிலும் மலைப்பக்கம் சிபிசிபி என்று அவர்கள் சொல்லும் தூறல் நாள் கணக்கில் விடாது. கனமழையில் ஆறு பெருகி, அடியில் உள்ள சுரங்கம் கொள்ளாமல் தண்ணீர் மேலே ஏறினால் குளங்கள் சேற்று நிறமாகிவிடும். அப்போது அங்கே போய்ப் பயனில்லை, இறங்குவது ஆபத்தும்கூட. 2020 நவம்பரில் எட்டா, அயோட்டா என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்தபோது இந்த மாவட்டமே நொறுங்கிப்போனது. கம்பூர் என்ற ஊர் மாதக்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் டிக்கெட் காசைப் பார்க்காமல் தள்ளிப்போடுங்கள்.

## சரி, யார் எங்கே?

தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்கள், உடம்பு நன்றாக இருப்பவர்கள்: குளத்து வாசல், இரண்டு இரவு. ஒரே இரவு என்றால் வந்த அலுப்பிலேயே போய்விடும்.

ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போகும் குடும்பம்: லங்கின், இரண்டு இரவு, அமைதியான விடுதி, காலைப் பிக்கப். முதல் மாலை வௌவால்கள், மறுநாள் குளம். கூட்டத்தோடு கலகலப்பாகச் சுற்ற விரும்பும் கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கும் லங்கின்தான், அவர்கள் குழுப் பயணத்திலேயே சேரட்டும்.

பெற்றோரோடு போகிறவர்கள்: கோபானில் இரண்டு இரவு தங்கித் தனி வண்டி. பெற்றோருக்கு அந்தப் பாதை ஆகாது என்று தோன்றினால் அவர்களைக் கோபானில் காபித் தோட்டம் பார்க்க விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஒரு இரவு லங்கின் போய்வரலாம். அல்லது செமுக் சம்பேயை அப்படியே விட்டுவிட்டு ரியோ துல்சே பக்கம் போங்கள். இசபால் ஏரியின் வடகரையில் ஃபின்கா எல் பரைசோ என்ற இடத்தில் வெந்நீர் அருவி ஒன்று குளிர்ந்த ஆற்றுக்குள் விழுகிறது. பாதை சுலபம், நடையும் குறைவு. அழகில் செமுக் சம்பேக்கு ஈடில்லை, ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்கு அதுவே நல்ல தேர்வு.

எங்கே தங்கினாலும் செலவு செய்யும் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். இந்தப் பூங்காவை யார் நிர்வகிப்பது, வருமானம் யாருக்கு என்பதில் சுற்றியுள்ள கெக்சி கிராமங்களுக்கும் அரசு அமைப்புக்கும் பத்தாண்டுக்கு முன் மோதலே நடந்தது. இதே கஹபோன் ஆற்றில் வந்த நீர்மின் அணைகளை எதிர்த்த கெக்சித் தலைவர் பெர்னார்தோ கால் சோல் 2018 முதல் 2022 வரை சிறையில் இருந்தார். அந்த ஆற்றுக்கு மேலேதான் நாம் ஆனந்தமாகக் குளிக்கிறோம். அதனால் வாசலில் ஊர்ப் பெண்கள் நடத்தும் அடுப்புக் கடைகளில் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். கட்டைச் சாக்லேட்டை அவர்களிடமே வாங்குங்கள், ஏலக்காய் போட்டது நம் நாக்குக்கு நன்றாகப் பிடிக்கும். பள்ளி நேரத்தில் விற்கும் சிறுவர்களிடம் வாங்குவதை மட்டும் நான் தவிர்ப்பேன். பெரியவர்கள் கடை பக்கத்திலேயே இருக்கிறது.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். லங்கினில் ஏடிஎம் இயந்திரத்தை நம்பிப் போக வேண்டாம், கோபானிலோ ஆன்டிகுவாவிலோ எடுத்துவிடுங்கள், சின்ன நோட்டுகளாக. கடைசியாக, திரும்பும் விமானத்துக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள். மண் சரிவு ஒரு பக்கம், சாலை மறியல் ஒரு பக்கம். 2023 அக்டோபரில் நாடு முழுக்க வாரக்கணக்கில் நெடுஞ்சாலைகள் மறிக்கப்பட்டன, ஷட்டில் வேன் எதுவும் நகரவில்லை. அந்த ஒரு நாளை எங்கே கழிப்பது என்று இடம் இல்லாதவர்கள் கோபானில் கழிக்கலாம்.